ஏசி பெருகின ஊர்ல லைன்மேன் வேலை

சிங்கப்பூர்ல கேபிள் எல்லாம் மண்ணுக்கடியில போகுது, கரண்டு வேலை பாக்குற ஆளை கண்ணால பாக்குறதே அபூர்வம். இந்த கோடையில பட்டுக்கோட்டை பக்கம் எங்க ஊருக்குப் போனப்ப லைன்மேன் அண்ணன்களோட வேலை எவ்ளோ மாறியிருக்குன்னு பக்கத்துல இருந்து பார்த்தேன்.

முன்னெல்லாம் ஊர்ல கரண்டு போச்சுன்னா பெரும்பாலும் பீஸ் போயிருக்கும், வந்து கட்டிட்டு போயிடுவாங்க. இப்ப ஓட்டு வீட்டுல கூட ஏசி ஓடுது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட மின் தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு, அந்த லோடு எல்லாம் கடைசியில வந்து உக்காருறது தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல தான.

எங்க தெருவுல ராத்திரி சாப்பாட்டுக்கு மேல வோல்டேஜ் இறங்கி ஃபேன் தவழ ஆரம்பிச்சுடும். அம்மா லைன்மேனுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. பகல்ல அளந்தா ஒண்ணும் தெரியாதும்மா, எல்லாரும் ஏசி போட்ட பிறகு வர்றேன்னு சொல்லி, சொன்ன மாதிரியே ஒயரைக் கவ்வி கரண்டு அளக்குற டாங் டெஸ்டரோட வந்தாரு. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்னா மூணு பேஸ் கம்பியில ஒரு பேஸுக்கு 130 ஆம்பியர் சொச்சம் தான் கணக்கு, ஒன்றரை டன் ஏசி ஒண்ணே 6, 7 ஆம்பியர் இழுக்கும், எங்க தெரு ஏசி முக்காவாசியும் ஒரே பேஸ்ல கிடந்திருக்கு, அடுத்த பேஸ் காத்து வாங்குது. மறுநாள் லைன் கிளியர், அதாவது லைனை ஆஃப் பண்ணி வேலை பாக்குற அனுமதி வாங்கி, கம்பியை மண்ணோட இணைக்கிற எர்த் ராடை ரெண்டு பக்கமும் மாட்டிட்டு, போஸ்ட்ல ஏறி கொஞ்சம் வீட்டு சர்வீஸை வேற பேஸுக்கு மாத்தி விட்டாங்க, அன்னிக்கு ராத்திரியே சரியாயிடுச்சு.

லைனை ஆஃப் பண்ணியாச்சே, அப்புறம் எதுக்கு எர்த் ராடுன்னு கேட்டேன். தம்பி, எவனாவது லைனையும் ஜெனரேட்டரையும் ஒண்ணா சேர விடாத சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாம ஜெனரேட்டர் போட்டான்னா அது திரும்பி லைனுக்கு வந்துடும், மேல நிக்கிறவன் போயிடுவான்னாரு. எனக்கு நிஜமாவே வயித்தக் கலக்கிடுச்சு. மாடியில சோலார் போட்ட பக்கத்து வீட்டு மாமா, கரண்டு போனா சோலாரும் ஏன் நிக்குதுன்னு சண்டைக்கே வந்துட்டாரு, அந்த இன்வெர்ட்டர் தானா நிக்கிறதே எங்க உயிருக்காகத்தான் மாமான்னு லைன்மேன் அண்ணன் பொறுமையா புரிய வச்சாரு. இதெல்லாம் அவர் வேலைக்கு சேர்ந்தப்ப இல்லாத விஷயம், வேலையோட வேலையா கத்துக்கிட்டது.

2018 கஜா புயல்ல போஸ்ட் பூரா சாஞ்சு கிடந்தப்ப வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் வந்து வயக்காட்டு சேத்துல நட்டாங்களே, அப்பவே இவங்க மேல எனக்கு பெரிய மரியாதை. ஆனா புயல் வந்தா ஊரே பாக்கும், இந்த பேஸ் மாத்துற வேலையை யாரும் கவனிக்கிறதில்ல.

கிளம்புறப்ப அண்ணன் ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாரு, புதுசா ஏசி வாங்குறவங்க கூடுதல் லோடுக்கு எழுதிக் குடுக்க சொல்லுங்க, பேப்பர்ல லோடு தெரிஞ்சா தான் பெரிய டிரான்ஸ்பார்மர் கேக்க முடியும்னு. எங்க வீட்டுக்கு உடனே ஆன்லைன்ல போட்டுட்டேன். வெளிநாட்டுல இருந்து அப்பா அம்மாவுக்கு ஏசி வாங்கிக் குடுக்குற எல்லாரும் இதையும் சேர்த்து பண்ணிடுங்க, ஜெனரேட்டர் இருந்தா சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்கான்னு ஒரு போன் போட்டு கேட்டுடுங்க.