ஐந்து கம்பிக்குள் அடங்காத மெட்டுகள்: கான்டெலே குழுவுக்கு மூன்று வழிகள்

‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டில் மொத்தம் 42 சுரங்கள். ஸ ஸ ப ப த த ப என்று தொடங்கும் அந்தப் பாட்டில் தைவதம் (த) வருவது நான்கே முறை. ஃபின்லாந்தின் மீட்டு கருவியான ஐந்து கம்பி கான்டெலேயில் இருப்பதோ ஸ ரி க ம ப மட்டும். மேற்கத்தியக் கணக்கில் டி முதல் ஏ வரை. அந்த நான்கு தைவதங்களை என்ன செய்வது? தெரிந்த மெட்டுகளைக் கான்டெலே குழுவுக்கு அமைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வேறு வேறு வழியில் போகிறார்கள். எனக்கு இரண்டாம் வழிமேல்தான் நம்பிக்கை.

முதல் வழி, எல்லோர் கையிலும் ஐந்து கம்பி. பாதிப்பேர் மெட்டை மீட்ட, மீதிப்பேர் கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) போடுவார்கள். கார்ட் போடும் முறை எளிது: வேண்டாத கம்பிகளை இடது கை விரல்களால் தொட்டு அடக்கிவிட்டு, வலது கையால் ஐந்தையும் ஒரே வீச்சாக வருடுவது. ரி, ம இரண்டையும் அடக்கினால் ஸ-க-ப முழுசாக ஒலிக்கும். ஸ, க இரண்டையும் அடக்கினால் ரி-ம-ப. நிஷாதம் இல்லாவிட்டாலும் காது அதைப் பஞ்சம கார்டாகவே ஏற்றுக்கொள்ளும். மத்யம கார்டில்தான் (ம-த-ஸ) சிக்கல்: தைவதம் இல்லாததால் ஸ, ம என்று இரண்டே கம்பி மிஞ்சும், ஒலி வெறிச்சோடிப் போகும். ‘ட்விங்கிள்’ மெட்டில் த த வரும்போது வேண்டியது அந்தக் கார்ட்தான். தைவதத்துக்குப் பதில் பஞ்சமத்தையே வாசித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஸ ஸ ப ப ப ப ப என்று கேட்டுப் பாருங்கள், மெட்டின் உச்சியே மொண்ணையாகிவிடும்.

ஆனால் ‘உக்கோ நோவா’ போன்ற பாட்டுக்கு இந்த வழியே போதும். ஃபின்லாந்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மெட்டு அது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் வாழ்ந்த பெல்மனின் பாட்டிலிருந்து வந்தது. ஸஸஸக ரிரிரிம ககரிரிஸ என்று ஐந்து சுரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

இரண்டாம் வழி, மெட்டை இரண்டு கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஒன்று ஸ முதல் ப வரை. இன்னொன்று ம முதல் மேல் ஸ வரை. நிஷாதத்தை மட்டும் பாட்டுக்குத் தக்கபடி சுருதி கூட்டலாம். பழைய கருவியையே முறுக்கி ஏற்றப் பார்த்தால் கம்பி அறுந்துபோகும். உயர்ந்த சுருதிக்கென்று கம்பி போட்ட கருவி வேண்டும். ம, ப இரண்டும் இரு கருவியிலும் இருப்பதால் கைமாற்றும் இடம் அங்கேதான் அமையும். கீழ்க் கருவி ஸ ஸ ப ப வாசிக்கும். மேல் கருவி த த ப என்று வாங்கிக்கொள்ளும். அந்த நேரம் கீழ்க் கருவிக்காரர் பஞ்சமத்தை விரலால் அடக்கிவிட்டு மத்யமத்தைத் தொட்டால் போதும். முதலில் மீட்டிய ஸட்ஜம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ, ம, த மூன்றும் கூடி, தனிக் கருவியில் கிடைக்காத அந்த மத்யம கார்ட் இரண்டு பேருக்கும் நடுவில் பிறக்கும்.

கான்டெலேயின் உயிர் அந்த நீண்ட கார்வைதான். உலோகக் கம்பி, தானாக அடங்காது. இதைக் குறையாக எண்ணி ஒவ்வொரு சுரத்தையும் அடக்கிக்கொண்டே போகிற அமைப்பைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. ஃபின்லாந்து-ரஷ்ய எல்லையில் உள்ள கரேலியாவின் பழைய கலைஞர்கள் இரு கை விரல்களையும் கோத்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு விரலை ஒதுக்கி வாசித்தார்கள். ஃபின்லாந்தின் நாட்டுப்புற இசை ஆய்வாளர் வைசானென் சேகரித்து 1928இல் வெளியிட்ட தொகுப்பில் அப்படிப்பட்ட மெட்டுகள் சுரக்குறிப்போடு உள்ளன. ஒரே மெட்டை இரண்டு கைகள் பகிர்ந்துகொண்டதை இங்கே இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வழிக்கும் விலை உண்டு. மேல் கருவிக்காரர் வெகுநேரம் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழந்தை என்றால் கவனம் சிதறும். இடைவேளையில் அவருக்குப் பஞ்சமத்தை மெல்ல மீட்டும் வேலை கொடுத்தால் சரியாகும்.

மூன்றாம் வழி கச்சேரி கான்டெலே. 1920களில் பால் சால்மினென் இதற்கு நெம்புகோல் அமைப்பு செய்தார். ஒரு நெம்புகோலைத் திருப்பினால் ஒரே பெயருள்ள சுரம் எல்லா ஸ்தாயியிலும் அரைச் சுரம் மாறும். ஏறக்குறைய 39 கம்பி, ஐந்து ஸ்தாயி. பாட்டு நடுவில் சுருதி மாறினால் இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் மெட்டையும் இதனிடமே கொடுத்துவிட்டால் சுற்றி இருக்கும் சின்னக் கருவிகள் எல்லாம் அமுங்கிவிடும். இன்னொன்று: சின்னக் கான்டெலேயில் குட்டைக் கம்பி வாசிப்பவர் பக்கம் இருக்கும், கச்சேரி கான்டெலேயில் நீளக் கம்பி. ஒரே ஆளை இரண்டுக்கும் மாற்றி மாற்றி உட்கார வைத்தால் கை குழம்பும்.

அதனால் பெரிய கருவிக்கு நான் கொடுப்பது அடித்தளம் மட்டும்: கீழ் ஸ, கீழ் ப. 1824இல் அரங்கேறிய பீத்தோவன் ஒன்பதாம் சிம்ஃபொனியின் ‘ஆனந்த கீதம்’ இதற்கு நல்ல பாட்டு. மூலமே டி மேஜர், சுருதி மாற்றத் தேவையில்லை. மெட்டு முழுக்க ஐந்து கம்பிக்குள் அடங்கும், மூன்றாம் வரியின் கடைசியில் வரும் ஒரே ஒரு கீழ்ப் பஞ்சமத்தைத் தவிர. அதைப் பெரிய கான்டெலே வாசிக்கட்டும். வாசித்த கையோடு கம்பியை அடக்கியும் விட வேண்டும். அடுத்த காந்தாரம் ஒரு தட்டு முன்னாலேயே வந்து நிற்கும்.