ஹாப்பீஸ் போர்ஸ்னேக்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும், சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கிவிடும் கயிறு இது. ஒரு முனையில் சிறிய பித்தளைக் கட்டி, அதில் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) பொறித்திருக்கும். அடுத்து மெல்லிய கயிறு, பிறகு சற்றுத் தடித்த பகுதி, அதனுள்ளேயே பதித்த வெண்கல முட்கள், கடைசியில் நீளமான பருத்த வால். அந்தக் கட்டியைச் சேம்பர் (தோட்டா உட்காரும் பின்பக்க அறை) வழியாக விட்டு, குழல்வாயில் பிடித்து இழுத்தால் துடைப்பதும் தேய்ப்பதும் மறுபடி துடைப்பதும் ஒரே இழுப்பில் முடியும்.

தோட்டாக்களை எடுத்து, அவற்றை அடுக்கும் மேகசினையும் சேம்பரையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் கழற்றக்கூடியதானால் கழற்றிவிடுங்கள். முட்களுக்கு முன்னால் உள்ள பகுதியில் கரைப்பான் மூன்று நான்கு சொட்டு, வால் நுனியில் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கயிற்றையே நனைத்துவிட்டால் அழுக்கு வெளியே வராது, குழல் முழுக்கப் பரவும். இரண்டு மூன்று முறை இழுத்தாலே தளர்வான கரியும் ஈரமும் போய்விடும். மழையில் நனைந்த துப்பாக்கியை முகாமிலேயே துரு பிடிக்காமல் காப்பாற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை. நெம்புகோலால் இயக்கும் லீவர் ஆக்‌ஷன், அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோ ரகங்கள் பலவற்றில் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியான ராடு நுழையாது, குழல்வாய் வழியாகத்தான் விட வேண்டியிருக்கும். அவற்றில் இந்தக் கயிறு பின்னிருந்து முன்னாக, சரியான திசையில் போகிறது. என் கணக்கில் இதை வாங்க முதல் காரணமே இதுதான்.

ஆனால் செம்புப் படிவை இது எடுக்காது. குண்டின் செம்பு உறை, குழலுக்குள் சுழலாக வெட்டிய மரைகளில் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் குறியைச் சிதறடிக்கும். அதை எடுக்க அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டும். அதைக் கயிற்றில் ஊற்றினால் வெண்கல முட்களையும் சேர்த்து அரிக்கும். இந்த வேலைக்கு மேலுறை பூசிய ஒற்றைத் துண்டு ராடும், போல்ட் இருந்த இடத்தில் செருகி ராடை நேராகச் செலுத்தும் போர் கைடும், நைலான் பிரஷும்தான் சரி. கரைப்பானைக் குழலில் விட்டு, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் காத்திருந்து, துணித்துண்டால் துடையுங்கள். துண்டு நீலமாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. வெண்கல பிரஷ் போட்டிருந்தால் அதுவே நீலம் காட்டி ஏமாற்றும். சேம்பரின் கழுத்தில் வளையமாக இறுகும் கரிக்கும் தனி பிரஷ்தான் வேண்டும்.

இழுக்கும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கயிற்றைக் குழலின் நேர்கோட்டிலேயே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால், மணலும் கரியும் ஏறிய கயிறு குழல்வாயின் விளிம்பை ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டே இருக்கும். குண்டு குழலைவிட்டுக் கடைசியாக விலகுவது அந்த விளிம்பில்தான். அங்கே சமச்சீர் கெட்டால் குறியும் கெடும்.

காலிபர் மாற்றி .270 குழலில் அதைவிடப் பருத்த .30 கயிற்றை விட்டால் நடுவழியில் இறுகிவிடும். பலமாக இழுத்தால் மெல்லிய பகுதி அறுந்து, முட்கள் உள்ளேயே தங்கிவிடும். மெலிந்த, பிசிறடித்த கயிற்றை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். உள்ளே சிக்கியதை ராடால் கண்டபடி குத்தினால் இன்னும் இறுகும். சுட்டு வெளியேற்ற நினைப்பது பேராபத்து, குழலே வெடிக்கும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதுதான் வழி.

கயிற்றையும் துவைக்க வேண்டும். துணிப்பையில் கட்டி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் துடைத்த குழலே துருப்பிடிக்கும்.

பழைய ராணுவத் தோட்டாக்களில் அரிப்புத் தன்மையுள்ள பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பகுதி) இருந்தால் இந்தக் கயிறு மட்டும் போதாது. அது விட்டுச்செல்லும் உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், அதன்பின் எண்ணெய்.

வேட்டைப் பையில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வீட்டில் ராடுக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள். சேமித்து வைத்த துப்பாக்கியை எடுக்கும்போது, குழலில் தடவிய எண்ணெயை உலர்ந்த துணித்துண்டால் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். எண்ணெய்க் குழலில் முதல் குண்டு வழக்கமான இடத்தைவிட்டு விலகிப் போகும்.