ஸ்கீ ஓரத்தைச் சீவ எது தேவலை: சாண்டரா, ரவுட்டரா, இழைப்புளியா?

வீட்டில் செய்த ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) அச்சிலிருந்து வெளியே வரும்போது பார்க்கச் சகிக்காது. சுற்றிலும் எபாக்ஸிப் பசை வழிந்து இறுகியிருக்கும், கண்ணாடியிழை முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். எஃகு விளிம்பு எங்கே என்று தேட வேண்டும். இந்தக் கழிவை ஜிக்சா ரம்பத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு அறுப்பது வரை எல்லாருக்கும் ஒரே வழிதான். அதற்கு அப்புறம்தான் கட்சி பிரிகிறது.

பெரிய கட்சி பெல்ட் சாண்டருக்கு, அதாவது உப்புத்தாள் பட்டை சுழலும் தேய்ப்பு மெஷினுக்கு. 60 நம்பர் பட்டையைப் போட்டு ஓட்டினால் எபாக்ஸி தூளாகப் பறக்கும். எஃகைத் தொட்டதும் பொறி கிளம்பும். பொறி வந்தால் அந்த இடத்தில் போதும், நகரலாம். (தூசிப் பையை முன்பே கழற்றிவிடுங்கள். மரத்தூளுக்குள் பொறி விழுந்தால் பை பற்றிக்கொள்ளும். முகமூடியும் கட்டாயம்.)

சாண்டரின் வில்லங்கம் சூடு. 1920களில் சால்ஸ்பர்க்கின் ருடால்ஃப் லெட்னர் கொண்டுவந்த எஃகு விளிம்பு துண்டு துண்டாகத் திருகாணியில் நின்றது. இன்றைய விளிம்பைப் பிடித்திருப்பது எபாக்ஸி. சாதாரணமாக அறைச்சூட்டில் இறுகும் எபாக்ஸி 60 டிகிரி சூட்டை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். என் முதல் ஜோடியில் முனை வளைவுக்கு அருகே சாண்டரை ஒரு நிமிடம் கூடுதலாக அழுத்திவிட்டேன். மறுநாள் பார்த்தால் எஃகுக்கும், அதன் மேலே ஸ்கீயின் ஓரத்தை மூடும் பக்கச்சுவருக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கி உறைந்தால் மீதியை அதுவே பிளந்துவிடும். இப்போதெல்லாம் எஃகில் விரலை வைத்துப் பார்ப்பேன். வைக்க முடியாவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவேன்.

சுழலும் பிட்டால் ஓரம் வெட்டும் ரவுட்டர் வருவது இன்னொரு வேலைக்கு. பக்கச்சுவர் செங்குத்தாக நிற்கக்கூடாது, மேலே போகப்போக உள்பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் பலகையைச் சாய்த்துத் திருப்பும்போது சுவர் பனியில் உரசும்; மேல்தாளும் சீக்கிரம் பெயரும். சாய்வு வெட்டும் பிட்டின் பேரிங் எஃகின் மேலேயே உருண்டுபோவதால் முனையிலிருந்து வால்வரை ஒரே சாய்வு கிடைக்கும். சாண்டரைக் கையில் பிடித்து அப்படி ஒரு கோடு எடுக்க என்னால் முடிந்ததில்லை. ஆனால் கை ஒருமுறை ஆடினால் பள்ளம் விழும், அதை நிரப்ப வழியில்லை.

இழைப்புளி மெதுவானது. சூடாகாது, சத்தமில்லை, தப்பு நடந்தாலும் ஒரு சீவலோடு நிற்கும். எஃகில் இடித்தால் மட்டும் பிளேடு போச்சு.

உண்மையில் எந்தக் கருவி என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது பக்கச்சுவரின் பொருள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் ரவுட்டரைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம், தேங்காய்த் துருவல் மாதிரி வரும். வேகத்தைக் கூட்டினால் உருகிப் பிட்டில் அப்பிக்கொள்ளும். அடித்தளத்துக்குப் போடும் அதே பாலிஎத்திலீன் வகை உழைப்பில் கெட்டி, தேய்ப்பதில் தொல்லை: உப்புத்தாள் பட்டால் பஞ்சு பஞ்சாக மயிர் எழும்பும். அதைக் கூரான பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். மரச்சுவருக்கு இழைப்புளியை அடிக்க ஆளில்லை. இரு முனைகளிலிருந்தும் குறுகிய இடுப்பை நோக்கியே தள்ளுங்கள். எதிர்த்திசையில் போனால் நார் பிய்ந்துவிடும். அதன் பிறகு வார்னிஷ், ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பூச்சு. அழகுக்குக் கொடுக்கும் வாடகை அது.

முதல்முறை செய்பவருக்கு என் ஓட்டு ஏபிஎஸ் சுவருக்கும் ரவுட்டருக்கும். சாண்டர் பொறி வரும்வரை மட்டும். எனக்கு மரமும் இழைப்புளியும்தான் பிடிக்கும், ஆனால் அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

கடைசி அரவேலையில் போட்டியே இல்லை: கோண வழிகாட்டி மாட்டிய கை அரம், பிறகு வைரத்தூள் பதித்த தீட்டுக்கல். அடிப்பக்கத்தை 1 டிகிரி மேல்நோக்கியும் பக்கவாட்டை 2 டிகிரி உள்நோக்கியும் சாய்த்தால் எஃகின் கூர் 89 டிகிரியில் நிற்கும். பெரும்பாலோருக்கு அது போதும். அடிப்பக்கத்தில் அவசரம் வேண்டாம். அங்கே அதிகம் அராவிவிட்டால், மொத்த அடித்தளத்தையும் தேய்த்து இறக்கினால்தான் சரியாகும். பிசிரை எடுத்துவிட்டு, நகத்தை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் பனிக்குத் தயார். முனையிலும் வாலிலும் மட்டும் ரப்பர் கல்லால் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது கண்ட இடத்தில் கொக்கி போடும்.