டமியா டேப்பா, சிலிகான் புட்டியா: இரண்டு டாங்கிக்கு கேமோ அடித்துப் பார்த்த அனுபவம்

கடந்த ஆறு மாதத்தில் 1/35 அளவில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) இரண்டு பிளாஸ்டிக் டாங்கி மாடல் முடித்தேன். ஒன்று பிரிட்டிஷ் சீஃப்டன், பெர்லின் பிரிகேட் கேமோவில், அதாவது எதிரி கண்ணில் படாமல் இருக்க அடிக்கும் நிறக்கோலத்தில். இன்னொன்று ஜெர்மன் லெப்பர்ட் 2ஏ6, நேட்டோ மூவண்ணத்தில். ஒரு நிறம் அடிக்கும்போது மற்ற இடங்களில் அது படாமல் மூட, முதலாவதற்கு முழுக்க மாடல் கம்பெனியான டமியாவின் மஞ்சள் மாஸ்கிங் டேப், இரண்டாவதற்கு முழுக்கப் பிசைந்த மாவுபோல் நெகிழும் சிலிகான் புட்டி. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் செய்யப்போகும் வண்டியில், நிஜத்தில், இரண்டு நிறம் சேரும் ஓரம் எப்படி இருந்தது? அதைப் படத்தில் பார்த்துவிட்டு வந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் டேப். 1980களில் மேற்கு பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் படையின் (அதுதான் பெர்லின் பிரிகேட்) டாங்கிகளுக்கு வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று கட்டம் கட்டமாக அடித்திருந்தார்கள். காட்டில் ஒளிவதற்கு அல்ல, நகரத்துச் சுவர்களுக்கும் ஜன்னல்களுக்கும் நடுவே நின்றால் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்க. வளைவே கிடையாது, எல்லாம் நேர்கோடு. இதற்கு டேப்பை விட்டால் வேறு வழி இல்லை. பக்கவாட்டுத் தகடுகள் தட்டையாக இருப்பதால் அங்கே ஒரு மாலையில் வேலை முடிந்துவிட்டது. பீரங்கி பொருத்திய மேல்கூடான டரெட்டில்தான் மூன்று நாள் போனது. சீஃப்டன் டரெட்டின் முன்பகுதி வார்ப்பு எஃகு, அது எல்லாத் திசையிலும் வளைந்து சரியும். அதன்மேல் 10 மி.மீ. டேப்பை நேராக ஒட்டினால் ஒரு ஓரம் சுருங்கிக் கொசுவம் வைத்ததுபோல் நிற்கும், அந்த இடுக்கில் பெயின்ட் உள்ளே போகும். டேப்பை 2 மி.மீ. பட்டையாக அறுத்து முதலில் கோட்டை மட்டும் போட்டேன், அப்புறம் உள்பகுதியை அகலமான துண்டுகளால் மூடினேன். வளைவுக்கென்றே டமியா ஒரு வெள்ளை டேப்பும் விற்கிறது, அது ரப்பர்போல் இழுபடும். வளைந்த கோடு போட அது அருமையானது, ஆனால் நேர்கோடு வேண்டிய இடத்தில் இழுத்து ஒட்டினால் கோணிக்கொள்ளும். நேர்கோட்டுக்கு மஞ்சளேதான்.

மஞ்சள் டேப்பில் எனக்குப் பிடித்தது அதன் பசை. பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்கும், எடுக்கும்போது அடியில் உள்ள பெயின்டை விட்டுவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் தடித்த மாஸ்கிங் டேப் விலையில் பல மடங்கு மலிவு, ஆனால் அது கதவுக்கும் சுவருக்கும் உள்ளது. அதன் காகிதம் சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் ஓரம் கூராக வராது. மாடலின் உள்பகுதிகளை மூட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நல்ல டேப்பானாலும் சுருளின் ஓரத்தை அப்படியே நம்ப வேண்டாம், அங்கே தூசியும் முடியும் ஒட்டியிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஓரத்தை அறுத்துவிட்டு எடுங்கள். ஒட்டியபின் முதலில் கீழே உள்ள அதே நிறத்தையே டேப்பின் ஓரத்தில் லேசாக அடியுங்கள். கசிந்தாலும் அதே நிறம் கசிந்து ஓட்டையை அடைத்துவிடும், அதற்குமேல் அடுத்த நிறம் அடித்தால் கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். சீஃப்டனில் இதைச் செய்த பக்கத்தையும் செய்யாத பக்கத்தையும் இன்றைக்கும் என்னால் தடவிப்பார்த்தே சொல்ல முடியும்.

அடுத்து புட்டி. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செயற்கை ரப்பர் தேடியபோது கிடைத்த பொருள், பின்னால் பிளாஸ்டிக் முட்டைக்குள் வைத்துப் பிள்ளைகளுக்கு விற்ற சில்லி புட்டியின் சொந்தக்காரர்தான். மாடல் செய்பவர்களுக்கென்று டப்பாவில் வருவது கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நேட்டோ மூவண்ணத்துக்கு இதைப் போல வசதி வேறில்லை. பச்சை, பழுப்பு, கறுப்பு, டமியா பெயின்ட் எண்களில் எக்ஸ்எஃப்-67, 68, 69. பச்சையை முழுக்க அடித்து ஒரு நாள் காயவிட்டு, பச்சையாக இருக்க வேண்டிய இடங்களின் எல்லையில் முறுக்கு தடிமனுக்குப் புட்டியை உருட்டி வைத்து, நடுவில் டேப் துண்டுகளால் மூடிப் பழுப்பு அடிக்க வேண்டும். பிறகு பழுப்பு இடங்களையும் அதேபோல் மூடிக் கறுப்பு. காற்றால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷை நேர் செங்குத்தாகப் பிடித்தால் ஓரம் லேசாக மட்டும் மங்கும், சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் பனிமூட்டம் என்று ஆகிவிடும். டேப்பில் ஒரு வளைவை வெட்டி ஒட்டும் நேரத்தில் புட்டியில் ஒரு பக்கமே முடிந்துவிடுகிறது. கோடு பிடிக்கவில்லையா, விரலால் தள்ளினால் போதும்.

ஆனால் இந்தப் பொருள் கெட்டியாகத் தெரிந்தாலும் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். சென்னை மே மாதத்தில், விசிறி மட்டும் ஓடும் அறையில், நான் வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வருவதற்குள் முதலில் வைத்த உருளைகள் தட்டையாகி எல்லையைத் தாண்டியிருந்தன. இன்ஜின் மேலுள்ள வலைக் கம்பிகளுக்குள் இறங்கியதை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆகவே புட்டியை ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மூடி உடனே அடித்துவிடுங்கள், வலை, சங்கிலி போன்ற இடங்களில் முதலில் டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் வையுங்கள். மாட்டிக்கொண்டதை ஊசியால் தோண்ட வேண்டாம், ஒரு பெரிய புட்டி உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் புட்டியைக் கரைக்கும், ஆனால் டமியா அக்ரிலிக்கையும் சேர்த்து எடுத்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய டப்பா வரும்போதே எண்ணெய் விட்டிருந்தது, பளபளப்பில்லாத மேட் பச்சையில் வழவழப்பான திட்டுகள் விழுந்தன. கடைசியில் மேட் வார்னிஷ் அடித்ததும் மறைந்துவிட்டது, ஆனால் புது டப்பாவை ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாடலில் வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

புட்டி வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இரண்டாம் உலகப் போரில் 1943க்குப் பிந்தைய ஜெர்மன் டாங்கி. அங்கேதான் நான் தடுப்பேன். அடர்மஞ்சள் அடித்த வண்டிக்குப் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிக் குழம்பாக டப்பாவில் வரும், பெரும்பாலும் களத்தில் வீரர்களே கரைத்து ஸ்பிரே துப்பாக்கியால் அடிப்பார்கள், அப்படி அடித்த வண்டிகளில் ஓரம் மங்கிப் புகைந்துதான் இருக்கும். நிஜத்தில் 7 செ.மீ. புகைந்தால் 1/35இல் அது 2 மி.மீ., கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அகலம். அங்கே புட்டி வைத்துக் கூர்மையாக எடுத்தால் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. ஏர்பிரஷ்ஷைக் கிட்டே பிடித்து, காற்றைக் குறைத்து, பெயின்டை நன்றாகக் கரைத்து, கைப்பழக்கத்தில் அடிப்பதே சரி.

1/72 என்றால் கணக்கு மாறும், அதே 7 செ.மீ. அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவில் ஒரு பாந்தர், அதே காலத்து ஜெர்மன் டாங்கி, இப்போது மேசையில் அடர்மஞ்சளோடு காய்ந்துகொண்டிருக்கிறது, புட்டி டப்பா ஃபிரிட்ஜில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் பச்சையை அடித்துவிட வேண்டும்.