கொட்டகையைப் பார்ப்பதா, மாட்டைப் பார்ப்பதா?

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு அல்லது மூன்று மாடுகளே இருக்கும். அந்த மாடுகள் நலமாக இருக்கின்றனவா என்று மதிப்பிட மூன்று வழிகள் உள்ளன: கொட்டகையின் வசதிகளைப் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பது, மாட்டின் உடலையும் நடத்தையையும் நேரில் பார்ப்பது, பால் சங்கத்து நோட்டைப் புரட்டுவது. ஒரு வீட்டில் அரை மணி நேரமே கிடைக்கும் என்றால் எதற்கு முதலிடம் என்பதுதான் கேள்வி. மாட்டுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் முடிவு.

பட்டியல் முறைக்கு வலுவான பின்புலம் உண்டு. பண்ணை விலங்குகளின் நலன் பற்றி பிரிட்டனில் 1965இல் வெளிவந்த பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து பிறந்து, 1979இல் வடிவம் பெற்ற 'ஐந்து சுதந்திரங்கள்' (பசி தாகம், வசதிக்குறைவு, வலியும் நோயும், அச்சம் ஆகியவை இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை) என்ற கோட்பாடே இத்தகைய பட்டியல்கள் பலவற்றுக்கு அடிப்படை. யார் போய்ப் பார்த்தாலும் தொட்டி தொட்டிதான், கூரை கூரைதான். ஆகவே விடை ஆளுக்கு ஆள் மாறாது. ஆனால் கொடுக்கப்பட்டது என்ன என்பதைத்தான் பட்டியல் சொல்லும். அது மாட்டுக்குப் பயன்பட்டதா என்பதைச் சொல்லாது. நான் பார்த்த ஒரு வீட்டில் சிமென்ட் தரை, கூரை, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அங்கே நின்ற ஜெர்சி கலப்பினப் பசுவின் பின்னங்கால் மூட்டிலோ முடி உதிர்ந்து, தோல் தடித்து, எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. அடுத்த தெருவில் வேப்பமரத்தடியில், மண் தரையில் கட்டியிருந்த மாட்டின் காலில் ஒரு கீறல்கூட இல்லை. (அதே மண் தரை ஐப்பசி மழையில் சேறாகி மடிநோய்க்கு வழிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.)

மாட்டைப் பார்க்கும் முறையில் கற்க வேண்டியது அதிகம். இடுப்பெலும்பும் வால் அடிக்குழியும் எவ்வளவு துருத்தித் தெரிகின்றன என்பதை வைத்து 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை உடல்நிலை மதிப்பெண் போடலாம். கடைசி விலாவுக்குப் பின்னால், இடப்பக்க வயிற்றுப்பள்ளம் குழிந்திருந்தால் அன்று தீவனம் போதவில்லை என்று பொருள். மாட்டை அவிழ்த்துக் கெட்டியான தரையில் பத்தடி நடத்திப் பார்த்தால் முதுகு வளைகிறதா, ஒரு காலை மட்டும் தாங்கித் தாங்கி வைக்கிறதா என்பது தெரிந்துவிடும். வயிற்றோரம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் மூச்சின் வேகம் கிடைக்கும். கத்திரி வெயிலில் அது 60ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தால் தவிக்கிறது என்று கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவரும் மாட்டை நடத்திப் பார்க்கத்தான் செய்கிறார். அவர் தேடுவது பாலை, நாம் தேடுவது வலியை.

இந்த முறையை அப்படியே இறக்குமதி செய்வதில் சிக்கல் உண்டு. 2009இல் ஐரோப்பாவில் வெளியான 'வெல்ஃபேர் குவாலிட்டி' மதிப்பீட்டு முறை மந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நொண்டும் மாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்கும். இரண்டே மாடுகள் உள்ள வீட்டில் ஒன்று நொண்டினால் 50 சதவீதம். அந்த எண்ணுக்கு அங்கே பொருளே இல்லை. அந்நியர் நெருங்கும்போது மாடு எவ்வளவு தொலைவில் விலகுகிறது என்று அளக்கும் சோதனையும் கழுத்துக்கயிற்றில் கட்டிய மாட்டிடம் சரிப்படாது. தினமும் கறக்கும் பெண்மணியின் கையை நக்கும் பசு, சட்டை போட்ட புதியவரைக் கண்டு மிரளும். அதை வைத்து அந்த வீட்டில் மாட்டை அடிக்கிறார்கள் என்று எழுதிவிட முடியாது. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக் குறிப்பு எழுதுவதே இங்கு பொருந்தும்.

பால் நோட்டை நம்பி முடிவு செய்வதை நான் ஏற்கவில்லை. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பசு தன் உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்துப் பால் சுரக்கிறது. நோட்டில் லிட்டர் ஏறும்போதே விலா எலும்பு வெளியே தெரியத் தொடங்கும். மேலும், வீட்டில் உள்ள மாடுகளின் பாலெல்லாம் ஒரே கேனில் சங்கத்துக்குப் போனால் நோட்டில் இருப்பது குடும்பத்தின் கணக்கே தவிர, மாட்டின் கணக்கு அல்ல. பால் திடீரென்று குறைந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பட்டியலிலிருந்து நான் கைவிடாதவை மூன்று: தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறதா, படுத்து எழக் கயிற்றின் நீளம் போதுமா, பிற்பகல் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது. வெயில் காலத்தில் கறவை மாடு நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேலும் குடிக்கக்கூடும். காலையும் மாலையும் மாட்டுக்கு ஒரு வாளி காட்டுவது போதாது. மாட்டைப் பார்த்துப் போடும் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும் என்ற குறையைச் சமாளிக்க, ஒரே ஆள் சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் அதே வீட்டுக்குப் போக வேண்டும்.

கறக்கிறவரிடம் கேட்காமல் குறிப்பை முடிக்கவும் கூடாது. முன்பு சொன்ன சிமென்ட் தரை வீட்டில், வீங்கிய மூட்டை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "ராத்திரியெல்லாம் படுக்கவே இல்ல சார், நின்னுக்கினே இருந்துச்சு." நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டிய உயிர் அது. நான் முழங்காலை அந்தத் தரையில் ஊன்றினேன். வேட்டி நனைந்தது, பத்து நொடிக்குமேல் வலி தாங்கவில்லை. வைக்கோல் கழிவையும் கரும்புச் சோகையையும் பரப்பச் சொல்லிவிட்டு, குறிப்பின் முதல் வரியில் தரையைப் பற்றி எழுதினேன்.