உப்புத் தண்ணியில் எண்ணெய்க் குளியல்: வேலூர் வீட்டுக்கு ஒத்துவருமா?

கெய்சர் காயிலை மாற்றிய கையோடு எழுதுகிறேன். கழற்றிய பழைய காயில் முழுக்கச் சுண்ணாம்பு, எல்லாம் உப்புத் தண்ணியின் வேலை. அதே சமயம் காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "தோள்பட்டை இறுகிப்போகுது, ராத்திரி தூக்கம் பிடிக்கல. செலவில்லாம ஏதாவது செய்யணும். வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சரியாகுமா?" சரியாகும் என்று சொல்லலாம்தான். ஆனால் எந்தத் தண்ணீரில் குளிக்கப் போகிறார் என்று தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

முதலில் நல்லது. உடம்பு முழுக்க எண்ணெய் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஃபோனைத் தொட முடியாது. கை வழுக்கும், திரை பிசுபிசுக்கும். வாட்ஸப் குழுவில் யார் என்ன போட்டாலும் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. மன இறுக்கத்துக்கு இந்த அரை மணி செய்கிற வேலையை எண்ணெயின் கணக்கில் எழுதுகிறோம் என்றே நினைக்கிறேன். தியானத்துக்கு உட்காரச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள்கூட, எண்ணெய் தேய்த்துக்கொண்டால் இருபது நிமிடம் அசையாமல் இருப்பார்கள்.

அளவைப் பலர் தப்பாகவே எடுக்கிறார்கள். ஆளுக்கு 50 முதல் 60 மில்லி நல்லெண்ணெய் தாராளம். அதில் தலைக்கு 15 மில்லி. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தால் ஒரு குளியலுக்கு 24 ரூபாய். அதற்குமேல் ஊற்றினால் உடம்பு இழுக்காது, தரைக்குத்தான் போகும். செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை, சமையலுக்கு விற்கிற சுத்தமான நல்லெண்ணெய் போதும். விலை மலிவு என்று தீப எண்ணெய் பாட்டிலை எடுத்துத் தலையில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது விளக்குக்காகக் கலந்த எண்ணெய்.

எண்ணெயை அடுப்பில் நேராகக் காய்ச்சாமல், கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கிச் சூடாக்கலாம். குளிர் நாளில் மட்டும் அடுப்பில் வைத்து, நாலைந்து மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சி ஆறவிடுவது வழக்கம். உச்சந்தலையில் தொடங்கி, காதுக்குப் பின்னால், பிடரி, தோள் என்று இறங்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் குனிந்தே இருப்பவர்களுக்கும், நாள் முழுக்க பைக் ஓட்டுபவர்களுக்கும் வலி சேருமிடம் பிடரிக்கும் தோளுக்கும் நடுவில்தான். அங்கே கட்டைவிரலை வைத்து, மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம். அவசரமாகத் தடவி எழுந்தால் தோல் மினுமினுக்கும், இறுக்கம் அப்படியே இருக்கும். கடைசியாக உள்ளங்கால். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை விட்டுவிடுங்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது. பிறகு 20 முதல் 30 நிமிடம் ஊறினால் போதும்.

இனி தண்ணீர். என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கிறது. சத்துவாச்சாரியானாலும் தோட்டப்பாளையமானாலும் குளிக்க வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதில் சோப்பு போட்டால், தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். ஏற்கெனவே எண்ணெய் இருக்கும் தலையில் அந்தப் பிசுக்கும் ஏறினால், மூன்று முறை தேய்த்தாலும் முடி கயிறாகத் திரியும். சோப்பை இன்னும் போட்டால் பிசுக்கு இன்னும் கூடுமே தவிரக் குறையாது. ஓய்வுக்காகக் குளிக்கப் போனவர், சீப்பில் சிக்கும் முடியைப் பார்த்து எரிச்சலோடு வெளியே வருவார். "எண்ணெய்க் குளியல் எனக்கு ஒத்துக்கல" என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது எண்ணெய் அல்ல, சோப்பும் உப்புத் தண்ணியும்.

சீயக்காய் இங்கேதான் காப்பாற்றுகிறது. அதன் நுரை, சபோனின் என்று காயிலேயே இருக்கும் பொருளால் வருவது. அது கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகாது, எண்ணெயை மட்டும் எடுக்கும். லாங்கு பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ சீயக்காய் வாங்கினால், 100 கிராம் வெந்தயம், 200 கிராம் பாசிப்பயறு, 50 கிராம் பூலாங்கிழங்கு, ஒரு கைப்பிடி ஆவாரம்பூ சேர்த்து, நல்ல வெயிலில் சீயக்காய் கையால் ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவைத்து அரைக்கலாம். மாவு மிஷினில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிறதா? மிளகாய் அரைத்த மிஷினில் போட்டுக் கொடுத்தால் அந்தப் பொடியைத் தலையில் வைக்கவே முடியாது. அரைத்ததை மெல்லிய துணியில் சலித்துவிட வேண்டும். திப்பி தலையிலும் தங்கும், தண்ணீர் வெளியேறும் ஜாலியிலும் தங்கும்.

குட்டை முடிக்கு மூன்று மேசைக்கரண்டி, நீள முடிக்கு ஆறு. வடித்த கஞ்சியில் இளஞ்சூட்டில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கஞ்சி இல்லாமல் வெறும் தண்ணீரில் கரைத்தால் பொடி ஓரிடத்தில் நிற்காமல் வழிந்து கண்ணுக்கு வரும். உடம்புக்கு முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: காய்ந்த தோலில் இரண்டு கைப்பிடி பாசிப்பயறு மாவைத் தேய்த்து, எண்ணெயை அது இழுத்த பிறகு ஊற்றுங்கள். எண்ணெயில் பாதி மாவோடு போய்விடும்.

இவ்வளவு செய்தும் கடைசியாக ஊற்றும் தண்ணீர் உப்பாக இருந்தால் முடி சொரசொரப்பாகத்தான் காயும். அதனால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். மாடியிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. தோல் தொழிற்சாலைக் கழிவு இந்தப் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்தது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். போர் தண்ணீரில் நிறமோ வாடையோ இருக்கும் வீடுகளில் அதைத் தலைக்கு ஊற்றுவதே வேண்டாம்.

கெய்சருக்கும் இதே தண்ணீர்தான் எமன். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு அதிகம் படியும், 60 டிகிரிக்கு மேல் ரொம்ப வேகமாக. குளிக்கத் தேவை 40 டிகிரியை ஒட்டிய சூடு. கெய்சரை 50-க்கு மேல் வைக்க அவசியமே இல்லை. ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அதில் ஊறவைத்தால் படிவு இளகி வந்துவிடும். பிளக் முனையும் ஒயரும் நனையக் கூடாது.

குளியலறையில் நின்றுகொண்டு குளிக்க வேண்டாம். முக்காலியோ மணையோ போட்டு உட்காருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெந்நீர் பட்டபின் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், வழுக்கும் தரையில் அது ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும், பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாது. காய்ச்சல், சளி நாட்களில் வேண்டாம். முகப்பரு வருபவர்கள் முகத்தை விட்டுவிடுங்கள். துடைத்த துண்டைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் அன்றே ஊறவையுங்கள், இரண்டு நாள் கிடந்தால் காறல் வாடை போகாது.

தூக்கத்துக்காகத்தான் என்றால், காலையில் குளிக்கும் வழக்கத்தைவிட, படுக்கப்போவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளிப்பதே பலன் தரும். வெந்நீர் கை கால் ரத்தக் குழாய்களை விரிக்கும், உடம்பின் உள்சூடு வெளியேறும், சூடு இறங்கும்போது தூக்கம் வரும். தலையை நனைக்காமல் உடம்புக்கு மட்டும் குளித்தாலே இதற்குப் போதும்.

நண்பருக்கு என் பதில் இப்படித்தான் வருகிறது: இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் வாராவாரம் தலைக்கு வேண்டாம். காயில் செலவு இன்னும் சூடாக இருப்பதால் இப்படிச் சொல்கிறேனோ என்னவோ, ஆனாலும் இதுதான். தினமும் இரவில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் உள்ளங்காலுக்கு, ஐந்து நிமிடம், பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுங்கள். எழுந்து நடக்கும்போது மட்டும் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக் குளியலை, மாடித் தண்ணீரைப் பிடிக்க ஒரு டிரம் வாங்கி வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் தொடங்குங்கள்.