வீட்டுக்கே நர்ஸ் வருவார் என்று நம்பி 48,000 கட்டினேன்

நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது. "சேவை தொடங்கிவிட்டதால் முன்பணத்தைத் திருப்பித் தர இயலாது." அவ்வளவுதான். 48,000 போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்தில் கோர்வை இல்லாவிட்டால் மன்னித்துவிடுங்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. கைபேசிச் செயலியில் பதிவு செய்தால் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், வாடகைக்குக் கட்டில், ஆக்சிஜன் கருவி என எல்லாம் வீடு தேடி வரும் என்று விளம்பரம் செய்யும் வகை நிறுவனம். 2020ல் கொரோனா வந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே எல்லோரும் பயந்த காலத்துக்குப் பிறகு, இப்படிப்பட்டவை நிறையவே முளைத்துவிட்டன. தேவை இல்லை என்று சொல்லமாட்டேன். 2030ல் உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வயது 60ஐ எட்டியிருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறோம். ஆஸ்பத்திரியில் ஆபத்துக் கட்டம் தாண்டியதும் டிஸ்சார்ஜ் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் யார் பார்ப்பது? அந்தக் கேள்வியோடு நிற்பவர்களிடம்தான் இவர்கள் வந்து சேர்கிறார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் செயலியில் பதிவு செய்தேன். மறுநாளே அவர்களின் கோ-ஆர்டினேட்டர் வீட்டுக்கு வந்தார். கையில் கோப்பு, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி. நேராக என்னிடம் பேசாமல் முதலில் கட்டிலருகே குனிந்து, அப்பாவின் செயலிழந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, இனிமே நாங்க பாத்துக்கறோம், கவலைப்படாதீங்க" என்றார். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியவள் நான். அந்த நிமிடம் யாராவது அப்படிச் சொன்னால் போதும் என்றிருந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ், தினமும் 12 மணி நேரம், பிடிக்காவிட்டால் ஆளை மாற்றித் தருவோம், திருப்தி இல்லையென்றால் மீதிப் பணம் திரும்ப வரும் என்றார். ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. அவர் கட்டிலருகே நிற்கும்போதே போனிலிருந்து 48,000 அனுப்பிவிட்டேன். அந்தக் கைப்பிடிக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தவர் நர்ஸே இல்லை. இருபது வயதிருக்கும் ஒரு பெண். இரண்டாம் நாள் மதியம் நான் அறைக்குள் போனபோது அப்பா மட்டமாகப் படுத்திருக்கிறார், அவள் குழாயில் ஆகாரத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அப்பா இருமுகிறார், தொண்டையில் கரகரவென்று சத்தம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எனக்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இல்லையென்றால் ஆகாரம் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். அது அவளுக்குத் தெரியவில்லை. கேட்டபோது அழுதுவிட்டாள். போன வாரம்தான் சேர்ந்தாளாம், அரை நாள் பயிற்சியாம். நான் கட்டியதில் பாதிகூட அவள் கைக்கு வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளையும் ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆளை மாற்றினார்கள். அடுத்து வந்தவர் பெரும்பாலும் போனில் இருந்தார். ஒன்பதாம் நாள் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன், முதுகின் அடியில், வால் எலும்பு மேல் தோல் உரிந்து புண். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அவர் வைத்திருந்த தாளில் எல்லா நேரத்துக்கும் 'திருப்பியாயிற்று' என்று டிக் அடித்திருந்தது. நான் பகலில் வேலைக்குப் போனேன், அந்தத் தாளை நம்பினேன். அது என்னால் தாங்க முடியாத விஷயம்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொன்னால் உங்களுக்கே தலை சுற்றும். முதல் அழைப்பில் "புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் பேசுவார்கள்." பேசவில்லை. அப்புறம் "மேலதிகாரி விடுப்பில் இருக்கிறார்." அப்புறம் "படுக்கைப் புண் இந்த நோயில் சகஜம்தானே மேடம்." அந்தக் கோ-ஆர்டினேட்டர் எண் என்னைத் தடை செய்துவிட்டது. கடைசியில் ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினார்கள்: நாங்கள் ஆட்களை இணைத்துவிடுபவர்கள் மட்டுமே, பராமரிப்பின் தரத்துக்குப் பொறுப்பில்லை. அப்படியானால் 48,000 எதற்கு வாங்கினீர்கள்? இதற்குப் பதிலே வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை. மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், நாள் கணக்கில் அல்லது வாரக் கணக்கில் கேளுங்கள். நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும், அதைக் கேட்டுச் சரிபாருங்கள். பராமரிப்பாளர் வேறு, நர்ஸ் வேறு. குழாயில் ஆகாரம் கொடுப்பதை முதல் நாளே உங்கள் முன் செய்யச் சொல்லுங்கள். தாளில் உள்ள டிக்கை நம்பாமல் முதுகையும் குதிகாலையும் தினமும் நீங்களே பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு அப்படியே இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அலாரம் அடிக்கிறது. அப்பாவைத் திருப்பிப் போட வேண்டும்.